மனநோய்க்குப் பிறகு வாழ்க்கையை மீட்டெடுக்க: கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கும் புதுக் களப்பணியாளர்களுக்கும்

ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ராத்திரி எழுந்து ஓடுவதில்லை, யாரையும் திட்டுவதில்லை, மாத்திரையும் உள்ளே போகிறது. இத்தோடு பாரம் இறங்கிவிட்டது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே கட்டில், அதே டிவி. நோய் அடங்கியிருக்கிறது, வாழ்க்கை திரும்பி வரவில்லை.

மீட்சி சார்ந்த மனநல சேவை கவனம் வைப்பது இந்த இடத்தில். 'முழுசாக் குணமாகட்டும், அப்புறம் வேலை, அப்புறம் கையில் பணம்' என்று வரிசை போட்டுக் காத்திருப்பதை அது ஏற்பதில்லை. காதில் குரல் கொஞ்சம் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒருவர் வேலைக்குப் போகலாம், தன் கூலியைத் தானே எண்ணி வாங்கலாம், நோம்பிக்கு யாரைக் கூப்பிடுவது என்று சொல்லலாம். மருந்து இதற்கெல்லாம் துணை. எந்தப் பக்கம் போவது என்பது அவர் முடிவு.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இனித் தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட நாள்பட்ட நோயாளிகளை 1950களில் புனர்வாழ்வுத் திட்டம் ஒன்றின் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்த ஆய்வு 1987 இல் வெளியானது. பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையானவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள், அல்லது முழுக்க மீண்டிருந்தார்கள்.

கீழே உள்ளவை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ நோய் (பைபோலார்: மனம் ஒரு காலம் அதிவேகமெடுக்கும், ஒரு காலம் சோர்ந்துவிழும்), கடும் மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

வீடு திரும்பும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவுப்படி, வெளியே அனுப்பும்போது இனி என்ன சிகிச்சை என்பதை அவரோடும், அவர் போய்ச் சேரும் குடும்பத்தோடும் மருத்துவர் கலந்து பேச வேண்டும். பத்து நிமிஷம் கேட்டு உட்காருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, அடுத்த தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த மாத்திரை நிரந்தரம், எது சில வாரத்துக்கு மட்டும் என்றும் கேளுங்கள். இதைக் கேட்காததால், தூக்கத்துக்காகத் தற்காலிகமாகக் கொடுத்த மாத்திரை வருஷக்கணக்கில் ஓடுவது உண்டு.

மாசாமாசம் கோவைக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கமே எழுதிக்கொள்ளுங்கள். தொடர் சிகிச்சை அறுந்துபோவதற்கு மனசில்லாமையை விட பஸ் காசும் ஒருநாள் கூலி இழப்பும்தான் பெரிய காரணம்.

முதல் ஆறு வாரம்

இந்தக் காலத்தில் அவர் நிறையத் தூங்குவார், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார். 'வேலைக்குப் பயந்துட்டு படுத்துக்கறான்' என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். அது சோம்பல் இல்லை. மருந்தின் மந்தம் ஒரு பங்கு, நோயே உற்சாகத்தை உறிஞ்சியது ஒரு பங்கு, நடந்ததையெல்லாம் நினைத்து வரும் துக்கம் ஒரு பங்கு. மந்தம் பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். குறையாவிட்டால் அளவையோ, போடும் நேரத்தையோ மாற்ற முடியும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். துக்கத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மூன்று மாதங்களில் அதிகம். தோட்டத்து வீடாக இருந்தால் பூச்சி மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். வாசல் தெளிக்கும் சாணிப்பவுடரும் விஷம், அது வீட்டில் இருக்கவே கூடாது. 'சாகணும்னு தோணுதா கண்ணு?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். தோன்றுகிறது என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டில் பேசுகிற தோரணையும் ஒரு மருந்துதான். 1970களில் லண்டனில் நடந்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறலும் மூச்சுமுட்டும் அளவுக்கு மேல்விழுந்து பார்ப்பதும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்தபடி இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அம்மா நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது பாசம்தான், ஆனாலும் இருவருக்குமே கெடுதல். அவர் தினம் இரண்டு மணி நேரமாவது அப்பாரு வீட்டிலோ, தோட்டத்திலோ, டீக்கடையிலோ இருக்கட்டும். அம்மாவுக்கும் தன் பழைய வேலைகள் திரும்ப வேண்டும். காலையில் முதல் பேச்சாக 'மாத்திரை போட்டியா?' வேண்டாம். 'ராத்திரி தூக்கம் வந்துச்சா சாமி?' என்று தொடங்குங்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பது

இந்த அணுகுமுறையின் உயிர் இதுதான், அதிகம் தவறுவதும் இதில்தான். களப்பணியாளர் வீட்டுக்கு வருகிறார், அப்பாவிடம் பேசுகிறார், நோட்டில் எழுதுகிறார், போகிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டியது, வணக்கமும் முதல் கேள்வியும் அவருக்குத்தான். அவரோடு தனியாகப் பதினைந்து நிமிஷம், வீட்டாரோடு பிறகு. அவர் இருக்கும்போது அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசக் கூடாது.

'உங்கள் இலக்கு என்ன?' என்று கேட்டால் பதில் வராது. வருஷக்கணக்கில் யாரும் எதையும் கேட்காத மனிதருக்கு விருப்பம் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். 'நோவு வர்றதுக்கு முன்னாடி பொழுதுக்கும் என்ன பண்ணீட்டு இருந்தீங்க?', 'இப்ப எது இல்லைன்னு ரொம்பத் தோணுது?', 'ஊருக்குள்ள யாரைப் பார்க்கணும்னு இருக்குது?' என்று கேளுங்கள். முதல் தடவை 'ஒண்ணுமில்லீங்க' என்பார். நான்காம் தடவை 'வண்டி ஓட்டணும்' என்று வரலாம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வந்த விருப்பத்தை இரண்டு வாரத்தில் முடிகிற அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். வண்டி என்றால் முதலில் வண்டியைத் துடைத்து வைப்பது, லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பது, தூக்கக் கலக்கம் குறையும் வரை ஓட்டலாமா என்று அவரே டாக்டரிடம் கேட்பது. கேட்க வேண்டியவர் அவர், அண்ணன் இல்லை. எழுதும்போது அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'சமூகச் செயல்பாட்டை மேம்படுத்துதல்' என்று எழுதினால் அது அலுவலகத்தின் திட்டம். 'சாயங்காலம் பால் சொசைட்டிக்கு நானே கேனைக் கொண்டுபோவேன்' என்பது அவருடையது. பால் ஊற்றுவது மிக நல்ல தொடக்கம் என்பது எங்கள் கருத்து. நேரம் மாறாது, நடை உண்டு, நாலு பேரைப் பார்க்கலாம், வருகிற காசு கண்ணுக்குத் தெரியும். மாடு அவரை நோயாளியாகப் பார்ப்பதும் இல்லை.

விருப்பம் வீட்டாருக்குப் பிடிக்காததாக இருக்கலாம். தறிக்குப் போக மாட்டேன், பெயிண்டிங் வேலைக்குப் போகிறேன் என்பார். உயிருக்கு ஆபத்தில்லாத எந்த முடிவிலும் தவறு செய்ய அவருக்கு உரிமை உண்டு. வீட்டில் மற்றவர்களும் தவறு செய்துதான் கற்றுக்கொண்டார்கள்.

மாத்திரை

முதல் தடவை வந்த நோயாக இருந்தாலும், தேறிய பிறகு குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு மருந்து தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மறுநாளே எதுவும் ஆகாது, அதுதான் சிக்கல். முதல் சில வாரம் மந்தம் போய் ஆள் தெளிவாகவே தெரிவார். 'மாத்திரை இல்லாமலேதான் நல்லா இருக்கானே' என்று வீடும் சொல்லும். நோய் திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், நிறுத்தியதையும் திரும்பியதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. குறைக்க விரும்பினால் அதை டாக்டரிடம் சொல்லி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு உரிமை உண்டு, அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள்.

சாம்பாரிலும் பாலிலும் தெரியாமல் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். என்றைக்காவது தெரியவரும். 'சோத்தில் என்னமோ கலக்கறாங்க' என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு அன்றோடு அது உண்மையாகிவிடும், பிறகு வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார். எந்த மருந்து உள்ளே போகிறது என்று தெரியாதவரால் பக்கவிளைவையும் சொல்ல முடியாது. தினம் மாத்திரை பிடிக்கவில்லை என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, அவரிடமே விளக்கிக் கேளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்பக் கவனிக்க வேண்டியவை சில. லித்தியம் சாப்பிடுபவருக்கு வியர்வையோ வயிற்றுப்போக்கோ அதிகமானால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேச்சுக் குழறுவது எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள். மெடிக்கலில் உடம்பு வலிக்கு என்று கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இப்யூபுரூபன் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். லித்தியத்துக்கான ரத்தப் பரிசோதனையைக் கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், அதனால் அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்வார்கள். டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையைக் குறைக்கும், குளோர்புரோமசின் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். சித்திரை வைகாசியில் காட்டு வேலையைப் பத்து மணிக்குள் முடிக்கட்டும். ஓலன்சபின் பசியையும் எடையையும் கூட்டும். மாதம் ஒருமுறை எடை, மூன்று மாதத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். குளோசபின் சாப்பிடுபவருக்குத் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை உண்டு. இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும்.

முன்னறிகுறித் தாள்

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்பும் பாதை தனித்தனி, ஆனால் ஒருவருக்கு அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். ஆள் தெளிவாக இருக்கும் நாளில், அவரும் அவர் நம்பும் ஒருவரும் உட்கார்ந்து, போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முந்தின வாரம் என்ன? அதற்கு முந்தின வாரம்? தூக்கம் எப்போது குறைந்தது, குளிப்பது எப்போது நின்றது, யார்மேல் முதலில் சந்தேகம் வந்தது, எப்போது கடன் வாங்கிச் செலவு தொடங்கியது?

ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். மேலே, நன்றாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேன். நடுவில், முதல் மாற்றங்கள். இங்கே அளந்து பார்க்கக்கூடியதாக எழுத வேண்டும். 'சரியில்லாமல் இருப்பேன்' என்று எழுதினால் பயனில்லை, 'தொடர்ந்து மூன்று ராத்திரி நான்கு மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம்' என்றால் யாரும் எண்ணிப் பார்க்கலாம். பக்கத்திலேயே அப்போது செய்ய வேண்டியது: ஷிப்டுக்கு லீவு, டாக்டரைத் தேதிக்கு முன்னாலேயே பார்ப்பது, சாயங்காலத்துக்குப் பிறகு டீ காபி இல்லை, ஏடிஎம் கார்டை அவரே தேர்ந்தெடுத்தவரிடம் கொடுத்து வைப்பது. கீழே, நிலைமை கைமீறினால் யார் கூட்டிப்போவது, எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து போன தடவை ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, யார் என்னைத் தொடக்கூடாது, குழந்தைகளையும் மாட்டையும் யார் பார்ப்பது.

இந்தத் தாளை வீட்டார் அவரைக் கண்காணிக்கும் பட்டியலாக மாற்றிவிட்டால் அவர் அடுத்த தடவை உண்மையைச் சொல்லமாட்டார். ஒருநாள் கோபப்பட்டால் 'பார், ஆரம்பிச்சிருச்சு' என்பதும் தப்பு. எல்லாருக்கும் கோபம் வரும். தாளில் எழுதியது வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கீழ்ப்பகுதியைச் சட்டப்படியும் உறுதியாக்கலாம். தெளிவாக இருக்கும்போதே எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று எழுதிவைக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தலை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிப்பது 14ஆம் பிரிவு, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அது மூத்த அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அம்மாயியாகவோ நண்பராகவோ இருக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் முன்கூட்டிய அறிவுறுத்தல் கட்டுப்படுத்தாது.

வேலை

முதலில் பயிற்சி மையத்தில் மெழுகுவர்த்தி செய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்பது பழைய முறை. பலர் அந்த மையத்திலேயே தங்கிவிடுகிறார்கள். பல நாடுகளில் சோதித்துத் தேறிய முறை வேறு: அவர் விரும்பும் உண்மையான வேலையில், உண்மையான கூலிக்கு, விரைவாகச் சேர்த்துவிட்டு, சேர்ந்த பிறகு பக்கத்தில் நின்று கைகொடுப்பது.

திருப்பூர்ப் பக்கம் இதற்கு வசதி உண்டு. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவது, செக்கிங், மடிப்பது, பேக்கிங் ஆகியவை நின்று நிதானமாகச் செய்யும் வேலைகள். தொடக்கத்தில் கட்டிங் மெஷின், பாய்லர், ஓடும் விசைத்தறி ஆகியவற்றின் அருகே தூக்கக் கலக்கத்தோடு நிற்க வேண்டாம். ஓவர்லாக் டெய்லருக்குக் கை நடுங்கினால் தொழில் போய்விட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் மருந்தை மாற்றிச் சரிசெய்ய முடியும். பீஸ் ரேட்டைவிட முதல் இரண்டு மூன்று மாதம் ஷிப்ட் சம்பளம் நல்லது, வேகம் குறைவு என்ற பதற்றம் இருக்காது.

ஸ்பின்னிங் மில்லின் மாறி மாறி வரும் ஷிப்டும், சீசன் நேரத்து ஒன்றரை ஷிப்டும் பெரிய பகை. இருதுருவ நோய் உள்ளவருக்கு இரண்டு மூன்று ராத்திரித் தூக்கம் கெட்டாலே மனம் அதிவேகமெடுக்கலாம். அந்த வேகத்தில் அவர் இன்னும் அதிகமாக வேலை செய்வார், சூப்பர்வைசர் பாராட்டுவார், இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரி. ஆகவே வேலை கேட்கும்போதே பகல் ஷிப்டைக் கேட்டு வாங்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். 'ராத்திரிக்கு மாத்திரை போட்டுத் தூங்கோணுங்க, நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாமுங்க. மாசம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்க' என்றாலே போதும். வீட்டார் அவருக்குத் தெரியாமல் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் போன வேலைகள் உண்டு.

சனிக்கிழமைக் கூலி அவர் கைக்கே வரட்டும். வீட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவர் பிரிக்கட்டும்.

அட்டை, கோயில், கல்யாணம்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகள். சுயபராமரிப்பு, உறவாடல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் நோயிருந்த காலத்தையும் வைத்து மதிப்பிடுவார்கள். அன்றைக்குக் குளிப்பாட்டிச் சட்டை மாற்றி, 'எல்லாம் அவனே செஞ்சுக்குவானுங்க' என்று கௌரவத்துக்குச் சொன்னால் சதவீதம் குறையும். மோசமான வாரத்தில் எப்படி இருக்கும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த மாற்றுத்திறனாளி அட்டை வேண்டுமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அட்டை வாங்குவதால் சொத்துரிமை போய்விடாது.

கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு 48 நாள் வேண்டுதலாகப் போகும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். மாத்திரை கூடவே போகட்டும், அவருக்கும் விருப்பம் இருக்கட்டும். எந்த இடத்திலும் சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடுக்கிறது.

'ஒரு கல்யாணம் பண்ணிவெச்சாச் சரியாயிரும்' என்பது சரியில்லை. கல்யாணச் சடங்குகளின் தூக்கமில்லாத நாட்களும், மறைத்துவைத்து மாத்திரையை நிறுத்துவதும் சேர்ந்து முதல் மாதத்திலேயே நோயைத் திருப்பும். அவர் விரும்பினால், எதிர் வீட்டாரிடம் முன்னாலேயே சொல்லிச் செய்யுங்கள். பெண்ணாக இருந்து வால்புரோயேட் சாப்பிட்டால், கருத்தரிக்கும் முன்பே மருந்து மாற்றம் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். அது சிசுவைப் பாதிக்கும்.

மறுபடி வந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும் நோய் ஒருமுறை திரும்பலாம். அதுவரை செய்தது வீணாகிவிடாது. போன தடவை ஆறு வாரம் ஆஸ்பத்திரி, இந்தத் தடவை பத்து நாள் என்றால் அந்த வித்தியாசம் தாளால் வந்தது. உள்ளே இருக்கும் நாளிலேயே கம்பெனிக்குச் சொல்லி இடத்தைப் பிடித்து வையுங்கள். பால் கேனை அந்த நாட்களுக்கு மட்டும் தம்பி எடுத்துப் போகட்டும், வந்ததும் அவரிடமே திரும்பிவிட வேண்டும்.

இதே பாதையில் வந்த இன்னொருவரின் பேச்சு இப்போது மிகவும் உதவும். கிளினிக் நாளில் எல்லாரும் எப்படியும் பஸ் ஏறி வருகிறார்கள், சீட்டு போட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் அதுவே குழு. நோய் கண்டவர்கள் ஒரு வட்டம், குடும்பத்தார் வேறு வட்டம். களப்பணியாளர் முதல் இரண்டு தடவை கூட்டி வைத்துவிட்டு, மூன்றாம் தடவை பேச்சைக் குறைக்க வேண்டும்.

வீடு திரும்பிய முதல் வாரத்துக்குள் முன்னறிகுறித் தாளை எடுத்து, இந்தத் தடவை எது முதலில் வந்தது, எதைக் கவனிக்கத் தவறினோம் என்று அவரே சொல்லச் சொல்லி நடுப்பகுதியைத் திருத்தி எழுதுங்கள். தேதி போட்டு ஒரு நகலை அவர் சட்டைப்பையிலும், ஒன்றை அவர் நியமித்தவரிடமும், ஒன்றை ஆஸ்பத்திரிச் சீட்டோடும் வையுங்கள்.